எத்தனை பேருக்கான நெருப்பு?

நீண்ட பதிவு, பொறுமையுள்ளோர் படிக்க.

செராமிக் கரியடுப்பு வாங்க எண்ணுவோரிடம் விற்பவரும் முன்பே வாங்கியவரும் கேட்பது ஒரே கேள்வி: "எந்த அளவு?" விடையையும் அவர்களே தந்துவிடுகின்றனர்: "ஓர் அளவு பெரிதாகவே வாங்குங்கள், சிறிதை வாங்கினால் பின்னர் வருந்துவீர்கள்." பணி நிரந்தரமான ஆசிரியர்களிடமும், அயல்நாட்டில் சில ஆண்டுகள் ஆய்வு செய்து திரும்பிய நண்பர்களிடமும் இவ்வறிவுரை வேதவாக்காகப் புழங்குகிறது. இது பிழையான கேள்விக்குத் தரப்படும் பிழையான விடை என்பதே என் வாதம்.

மொழியியல் பயின்றோர்க்கு இதில் முதலில் தென்படுவது முற்கோள். "எந்த அளவு?" என்னும் வினா, வாங்குவது முடிவாகிவிட்டது என்பதைச் சொல்லாமலே நிலைநாட்டிவிடுகிறது. பெரிது என்றாலும் சிறிது என்றாலும் அந்த முற்கோளுக்கு நாம் உடன்பட்டவர்களாகிறோம். "வாங்கத்தான் வேண்டுமா?" என்பதை எவரும் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

இவ்வடுப்பு எதில் வல்லது? அதன் தடித்த சுவர் வெப்பத்தை உண்டு, மெல்லத் திருப்பித் தருகிறது. கீழும் மேலும் உள்ள காற்றுத்துளைகளை ஒடுக்கிவிட்டால், ஒருமுறை இட்ட கரி 110 பாகை செல்சியஸ் அளவில் பத்து மணி நேரத்துக்கு மேலும் கனன்றிருக்கும். பெருந்துண்டு இறைச்சி ஈரம் குன்றாமல் வேகும். துளைகளை முற்றாக அடைத்தால் நெருப்பு அவிந்து, எஞ்சிய கரி மறுமுறைக்கு உதவும். இவையெல்லாம் மெய்யான சிறப்புகளே. ஆனால் நம் வீடுகளில் தணல்மேல் வாட்டப்படுபவை எவை? சீக்கு கபாப், பனீர், மீன், கத்திரிக்காய், சோளக்கதிர். அனைத்தும் திறந்த தணலில் சில நிமிடங்களில் முடிபவை. அதற்கு இரும்புச் சிக்ரியோ, நம் பாட்டிமார் அறிந்த குமுட்டி அடுப்போ போதும். சுவர் சூடேற அரைமணி காத்திருந்து, கால்மணியில் கபாப் வாட்டி முடிப்பவர், தாம் ஒருபோதும் பயன்படுத்தாத ஆற்றலுக்கு விலை கொடுக்கிறார். "தந்தூருக்கு உறவுதானே" என்பாரும் உளர். தந்தூர் திறந்த வாயும், ரொட்டி ஒட்டும் சுவரும் கொண்டது. இதுவோ மூடியாலும் துளையாலும் இயங்குவது. மண்ணும் கரியும் பொது என்பதால் மட்டும் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்துவிடாது.

இதன் பெயரையும் சற்று நோக்குக. கமாடோ என்பது ஜப்பானிய மொழியில் பானை ஏற்றும் வீட்டு அடுப்பு. முஷிகமாடோ என்பது சோறு வேகவைக்கும் தடித்த மட்கலம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானில் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் அதை ஊருக்குக் கொண்டுசென்றனர். 1974இல் அட்லாண்டாவில் எட் ஃபிஷர் தொடங்கிய பிக் கிரீன் எக் நிறுவனம் இதைப் பெருவணிகமாக்கியது. சோற்று அடுப்பு இறைச்சி அடுப்பாயிற்று. இந்தப் பொருள்மாற்றத்தில் உதிர்ந்துபோன ஒன்று உண்டு. "கமாடோவைப் பிரித்தல்" என்றால் ஜப்பானியத்தில் தனிக்குடும்பமாகக் கிளைத்தல் என்று பொருள். தனி உலை வைத்துவிட்டார்கள் என்று நம் ஊர்களில் சொல்வதும் இதையே. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஒரு குடும்பத்தைப் பொதுச் சமையலறையில் உண்போர் என்றே வரையறுக்கிறது. அடுப்பு என்பது அதைச் சூழ்ந்து உண்போரைக் குறிக்கும் சொல். அதன் அளவும் அவர்களது எண்ணிக்கையிலிருந்தே பிறக்க வேண்டும்.

இனி அளவுக்கு வருவோம். மேற்சொன்ன நிறுவனத்தின் நடுத்தர அடுப்பின் கம்பித்தட்டு 15 அங்குல விட்டம் கொண்டது, பெரியது 18.25, அதனினும் பெரியது 24. எண்கள் அருகருகே தோன்றினும் பரப்பு விட்டத்தின் இருமடியாக வளர்வது. 15இலிருந்து 18.25க்குச் சென்றால் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு; 24க்குச் சென்றால் இரண்டரை மடங்கைத் தாண்டும். பரப்போடு சூடேற்ற வேண்டிய சுவரும் பெருகுகிறது. நால்வர்க்குச் சமைக்கும் நாளிலும் இருபதின்மர்க்கான சுவரைச் சூடேற்றியாக வேண்டும். பெரியதன் எடை ஏறத்தாழ 73 கிலோ. அடுத்தது 100 கிலோவை நெருங்கும். வாடகை வீடு மாறுவோர், கீழே விழுந்தால் விரிசலுறும் இப்பொருளை மாடிப்படியில் இறக்குவதைக் கற்பனை செய்து பார்க்க. விலையோ, பெரிய அளவுக்கு அமெரிக்காவிலேயே ஆயிரம் டாலருக்கு மேல். இளநிலை ஆய்வாளரின் மாத உதவித்தொகை 37,000 ரூபாய். ஆண்டுக்கு இருமுறை வரும் விருந்தினரைக் காரணம் காட்டி, ஆண்டு முழுவதும் உண்ணும் இருவருக்கு அளவு குறிப்பது எவ்வகைக் கணக்கு?

கரி எரிப்பது தனி விருப்பம் என்று ஒதுங்கவும் முடியாது. நான் ஆய்வு செய்யும் தில்லியில், காற்று கெடும் குளிர்காலத்தில், உணவகங்களின் கரித் தந்தூர்களுக்குத் தடை வருகிறது. 2025 சனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம், மும்பையில் விறகும் கரியும் எரிக்கும் அடுமனைகள் ஆறு மாதங்களில் தூய எரிபொருளுக்கு மாற வேண்டுமென ஆணையிட்டது. அந்நெருப்புகள் நாளும் நூற்றுக்கணக்கான உழைப்பாளிகளுக்கு ரொட்டி தந்தவை. அவற்றை அணைக்கும் நகரில், நால்வருக்காக மொட்டைமாடியில் எரியும் நெருப்பைப் பண்பாடு என்று போற்றுவது எனக்கு ஒவ்வாதது. மூடிய பால்கனியில் எரிப்பதோ உயிரோடு விளையாடுவது. அறைக்குள் அங்கீட்டி மூட்டி உறங்கியோர் கார்பன் மோனாக்சைடால் மாண்ட செய்தி வடஇந்தியாவில் குளிர்காலந்தோறும் வருகிறது. செராமிக் சுவர் அவ்வாயுவைத் தடுக்காது.

ஆகவே என் முடிபு இது. கபாப் மட்டும் வாட்டுவோர் வாங்க வேண்டா. மாதம் இருமுறையேனும் நெடுநேரம் சமைப்போர், திறந்தவெளியும் உடையோர், வழக்கமாக உண்போரை எண்ணிச் சிறியதையோ நடுத்தரத்தையோ வாங்குக. பெரியது வேண்டுமெனில் பத்துப் பேர் கூடி ஒன்று வாங்குக. தனியொருவர்க்குப் பெரியது என்னும் சேர்க்கைக்கு மட்டும் நியாயமில்லை. பஞ்சாபின் சிற்றூர்களில் பெண்கள் மாவைப் பிசைந்து கொண்டுவந்து ஒரே தந்தூரில் ரொட்டி சுட்ட சாஞ்ஜா சூல்ஹா நமக்கு முன்னுள்ள சான்று.

"பொது அடுப்பு என்பது வெறும் ஏக்கம், இந்நாட்டில் யார் யாரோடு உண்பது என்பதைச் சாதியன்றோ தீர்மானித்தது?" என்று மறுப்போர் எழுவர். மறுப்பு சரியானதே. அதனாலேயே 1917இல் கேரளத்தின் செறாயியில் சகோதரன் ஐயப்பன் நடத்திய மிஸ்ரபோஜனம் போராட்டமாயிற்று. பொது அடுப்பு மரபாகக் கையில் கிடைப்பதன்று. ஒவ்வொரு முறையும் புதிதாக மூட்டப்பட வேண்டியது. விடுதி உணவுக்கூடங்களில் யார் என்ன உண்பது என்று வழக்காடும் நமக்கு, பத்துப் பேர் பணம் போட்டு, யார் எதை வாட்டுவது என்று பேசி முடிவெடுப்பது எளிதாக இராது. எளிதாக இராது என்பதால்தான் தனித்தனியே பெரிய அடுப்பு வாங்குகிறோமோ என்று ஐயுறுகிறேன்.

மறுப்புள்ளோர் எழுதுக. "எந்த அளவு?" என்று மட்டும் தொடங்க வேண்டா.