இடுப்பில் ஒரு ரகசியம்

திருவாரூர் என்றால் தேரழகு, மன்னார்குடி என்றால் மதிலழகு என்பார்கள். ராஜகோபாலசாமி கோயில் மதிலைப் பார்த்து யாரோ சொல்லிவைத்தது. ஆறு மாதமாக எனக்கும் சொந்தமாக ஒரு மதில் இருக்கிறது. சட்டைக்கு உள்ளே, இடுப்பைச் சுற்றி. மெடிக்கல் ஷாப்பில் அதற்குப் பெயர் எல்.எஸ். பெல்ட்!

எல்லாம் ஒரு கேஸ் சிலிண்டரால் வந்த வினை. வந்த பையன் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் சினிமா ஹீரோ மாதிரி குனிந்து தூக்கினேன். சிலிண்டர் எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை. அப்படியே 'ட' போல நின்றவனை பக்கத்து வீட்டுக்காரர் வந்துதான் படுக்க வைத்தார்.

டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எல்-நாலுக்கும் எல்-அஞ்சுக்கும் நடுவுல டிஸ்க் பிதுங்கியிருக்கு. உட்கார்ந்து வேலை செய்யறப்பவும் பஸ்ல போறப்பவும் மட்டும் பெல்ட் போடுங்க. தூங்கறப்ப கழட்டிடுங்க. எந்நேரமும் போட்டா தசை சோம்பேறியாயிடும். எக்சர்சைஸ்தான் நிஜமான பெல்ட்!"

மூன்று மாதத்தில் போகாத வலிக்கு நாள்பட்ட வலி என்று பெயராம். எனக்கு மூன்று தாண்டி ஆறு ஆகிவிட்டது. ப்ரமோஷன்!

வலியைவிடப் பெரிய தொல்லை, பெல்ட்டை மறைப்பது. முதுகுப் பக்கம் பட்டை பட்டையாக தகடு. முன்னால் வெல்க்ரோ. பார்ட் டைமாகக் கணக்கு எழுதப் போகும் இடத்தில் சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் தளர்த்தினால் 'சர்ர்ர்க்' என்று சத்தம். ஆபீஸே திரும்பிப் பார்க்கும். நான் ஃபைலைக் கிழித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். நீடாமங்கலம் பஸ்ஸில் ஒரு பெரியவரின் முழங்கை இடித்துவிட்டது. "என்ன தம்பி, உள்ளே பலகை வெச்சிருக்கியளா?" என்றார். "கணக்குப் புஸ்தகம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டேன். அது நான் இறங்கவேண்டிய ஸ்டாப் இல்லை!

ஏன் மறைக்கவேண்டும் என்கிறீர்களா? காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் சாட்சி சொல்லும். இடுப்புவலிக்கு யார் சாட்சி? "நல்லாத்தானே சார் இருக்கீங்க!" என்று லீவு லெட்டரை மேலும் கீழும் பார்ப்பார்கள். 2020-ல் உலகம் முழுக்க 61.9 கோடி பேருக்கு இடுப்புவலி என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அத்தனை பேரும் நல்லாத்தான் இருந்திருப்பார்கள், பார்ப்பதற்கு!

படுத்த படுக்கையாகக் கிடந்து செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஃப்ரீடா காலோ அறிமுகமானார். மெக்சிகோ ஓவியர். 1925 செப்டம்பரில், பதினெட்டு வயதில், அவர் வந்த பஸ்மீது டிராம் மோதியது. முதுகெலும்பு 3 இடத்தில், வலது கால் 11 இடத்தில் முறிந்தது. ஒரு இரும்புக் கைப்பிடி இடுப்பைத் துளைத்துப் போனது. டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்ட பெண் படுக்கையில் விழுந்தார். அவருடைய அம்மா, படுத்தபடியே வரைவதற்குத் தோதாக ஒரு பலகை செய்யச் சொன்னார். கட்டிலுக்கு மேலே ஒரு கண்ணாடியும் மாட்டினார்கள். அதில் தன் முகத்தைப் பார்த்துப் பார்த்தே வரைந்து பெரிய ஓவியரானார்.

1954-ல் 47 வயதில் இறக்கும்வரை எத்தனையோ ஆபரேஷன்கள். இடுப்பிலிருந்து மார்புவரை இறுக்கும் கவசங்கள். தோலில், இரும்பில், மாவுக்கட்டில் என்று விதவிதமாக. அந்த மாவுக்கட்டை அவர் சும்மா விடவில்லை. பிரஷ்ஷை எடுத்து அதன்மேலேயே படம் போட்டார்! ஒன்றில் சிவப்பாக அரிவாள் சுத்தியல். (திருத்துறைப்பூண்டி பக்கத்துக்காரர்கள் பார்த்தால் நம்ம பொண்ணு என்பார்கள்.) அதற்குக் கீழே, வயிற்றின்மேல், பிறக்காத ஒரு குழந்தை. அந்த விபத்துக்குப் பிறகு உண்டான கர்ப்பம் எதுவும் அவருக்குத் தங்கவில்லை.

அவர் கணவர் டியகோ ரிவேரா பூட்டிவைக்கச் சொன்ன அறையை 2004-ல்தான் திறந்தார்கள். கவசங்களும் துணிமணிகளும் உள்ளே இருந்தன. 2018-ல் அவை லண்டன் மியூசியம்வரை போய்வந்தன.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. மேலே நீளப் பாவாடையும் சட்டையும் போட்டு மூடிவிடுகிற சமாச்சாரம். அதில் எதற்குச் சித்திரம்?

பதில் எங்கள் வீட்டுத் தையல் மிஷினில் இருந்தது.

சித்திரை வெயிலில் பெல்ட் ஓரம் உரசி இடுப்பெல்லாம் புண். அம்மா பார்த்துவிட்டு, "கழட்டிக் குடு" என்றாள். மறுநாள் காலையில் பெல்ட்டுக்கு ஒரு உறை தயார். உட்புறம் பழைய வேட்டித்துணி. வெளிப்புறம் ஜாக்கெட் தைத்து மிச்சமான துண்டுகள். அரக்கு, கிளிப்பச்சை, ஓரத்தில் சரிகை!

"என்னம்மா இது, மாப்பிள்ளை அழைப்புக்குப் போற மாதிரி?"

"ஆஸ்பத்திரி கலரையே பாத்துக்கிட்டிருந்தா வியாதிக்காரன் நெனப்புதான் வரும். போட்டுக்கோ. ஊருக்கா தைச்சேன்?"

போட்டுப் பார்த்தேன். எங்கெல்லாம் உரசியதோ சரியாக அங்கெல்லாம் துணி மடித்து மெத்தென்று வைத்திருந்தாள்.

"அளவு எடுக்காம எப்படிம்மா?"

அம்மா பதில் பேசாமல் முந்தானையை ஒதுக்கிக் காட்டினாள். புடவைக்கு உள்ளே, பழைய வாயில் புடவையைக் கிழித்து நாலு சுற்று இறுக்கிக் கட்டியிருந்தாள். சின்ன வயதிலிருந்து அந்தக் கட்டை நான் பார்த்திருக்கிறேன். சுருக்குப் பை செருகிக்கொள்ள என்று நினைத்திருந்தேன்.

"எத்தனை வருஷமா?"

"நீ பொறந்ததுலேருந்து."

"ஒரு வார்த்தை சொல்லலியே?"

"சொன்னா? மிஷினை நிறுத்திட முடியுமா? உன் பி.காம். ஃபீஸை யாரு கட்டறது?"

மூன்று வருஷம் டெபிட், கிரெடிட் படித்தவன் நான். அந்த நாலு சுற்றுத் துணி எந்தப் பக்கத்தில் ஏறும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே அம்மாவை அதே டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவளுக்கும் எக்சர்சைஸ், அவளுக்கும் பெல்ட். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பெல்ட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். அப்புறம் அதற்கும் ஒரு உறை. என்னுடையதைவிட சரிகை ஜாஸ்தி!

போன வாரம் நீடாமங்கலம் பஸ்ஸில் அதே பெரியவர். "இன்னிக்கும் கணக்குப் புஸ்தகமா தம்பி?" என்றார். நான் சட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சரிகையைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்க தைச்சது? எங்க வூட்டுலயும் முப்பது வருஷமா நடவுக்குப் போனவ. நிமிர முடியாம துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டுத் திரியுறா."

"முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. பெல்ட் அவர்தான் சொல்லணும். உறை எங்கம்மா தைச்சுக் குடுப்பாங்க. இடுப்பு அளவு என்ன?"

பெரியவர் விழித்தார். தெரியாதாம்.

கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன்.