நீலி கோயிலுக்குள் நுழைந்தாள்

சூப்பர் ஹீரோ படம் என்றாலே நமக்குக் கொஞ்சம் ஒவ்வாமைதான். கோடீஸ்வர வாரிசு ஒருவன் முகமூடி மாட்டிக்கொண்டு ஊரைக் காப்பாற்றுவான். மக்கள் அண்ணாந்து பார்த்துக் கைதட்டுவார்கள். அமைப்பாகத் திரள வேண்டியவர்களை 'ஒருவன் வருவான், காத்திரு' என்று உட்கார வைக்கும் கதைகள். 2025 ஓணத்தையொட்டி வெளியான 'லோகா: அத்தியாயம் 1 - சந்திரா' என்ற மலையாளப் படத்துக்கும் இந்த எண்ணத்தோடுதான் போனேன். டொமினிக் அருண் இயக்கம், துல்கர் சல்மான் தயாரிப்பு, கல்யாணி பிரியதர்ஷன் நாயகி. பெங்களூரு, இரவு, சண்டை என்று வழக்கம்போலத்தான் போய்க்கொண்டிருந்தது. நாயகியின் முன்கதை வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவள் கள்ளியங்காட்டு நீலி. படத்தில் அவள் ஒரு பழங்குடிச் சிறுமி. கோயிலுக்குள் நுழைந்துவிட்டாள் என்பதற்காக அரசன் அவளுடைய மக்களையே அழிக்க ஆளனுப்புகிறான். சூப்பர்மேனுக்கு வேற்றுக்கிரகம், ஸ்பைடர்மேனுக்குச் சிலந்திக்கடி, நீலிக்குத் தீண்டாமை.

நீலி நமக்கும் தெரிந்தவள்தான். கள்ளியங்காடு நாகர்கோவிலை ஒட்டிய ஊர். பழையனூர் நீலி, இசக்கி என்று தமிழ் நிலமெங்கும் சொல்லப்படும் கதைகளில், வஞ்சித்துக் கொல்லப்பட்டுப் பழிவாங்கத் திரும்பி வந்த பெண் அவள். கேரளத்தில் பரவலான கதையிலோ இரத்தம் குடிக்கும் யட்சி. கடமற்றத்துக் கத்தனார் என்ற பாதிரியார் மந்திரத்தால் அவளை அடக்குகிறார். அடக்கியவருக்குப் புகழ் சேர்ந்தது. அவள் ஏன் பேயானாள் என்ற கேள்வி ஓரத்துக்குப் போனது. படம் அந்தக் கேள்வியை எடுத்து நடுவில் வைக்கிறது. கத்தனார் இங்கே அவளுக்கு வழித்துணை.

இது வெறும் கற்பனை இல்லை. திருவிதாங்கூரில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கே 1924இல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்தது. அதற்காகப் பெரியார் சிறை சென்றார். கோயில் நுழைவுப் பிரகடனம் 1936இல்தான் வந்தது. முடிந்துபோன கதையும் இல்லை. 2023இல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர் தாக்கப்பட்டார். பிறகு அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள்.

படத்தில் குறைகள் உண்டு. பெங்களூருவுக்கு வந்ததும் சாதி காணாமல் போகிறது. எதிரிகளாக உடலுறுப்புக் கடத்தல் கும்பலும் பெண்களை வெறுக்கும் ஒரு போலீஸ் அதிகாரியும் மிஞ்சுகிறார்கள். கோயில் நுழைவுக்குத் தண்டனை கொடுத்த சமூகம் நகரத்தில் வேறு உருவில் வாடகை வீடு மறுக்கிறது, குலப்பெயர் கேட்கிறது. நீலியின் கண்ணில் அது படவே இல்லை. பழங்குடிப் பெண்ணின் கதைக்கும் வெளிர்நிற நட்சத்திர முகம்தான் தேவைப்பட்டிருக்கிறது. மக்கள் மாண்ட பிறகு மிஞ்சியவள் தனியாகத்தான் சண்டை போடுகிறாள்.

இருந்தும் மகிழ்ச்சியோடுதான் வெளியே வந்தேன். இது நூறு பேர் பார்க்கும் திரைப்பட விழாப் படம் இல்லை. பண்டிகைக் கூட்டம் குடும்பத்தோடு பார்த்த வெற்றிப்படம். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாகக் கடந்துபோகும் கொடுமையை, குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த நாயகியின் காயமாகப் பார்த்திருக்கிறார்கள். "அந்தப் பொண்ணை ஏன் கோயிலுக்குள்ள விடல?" என்று வீட்டில் ஒரு குழந்தை கேட்டால், 'அது அந்தக் காலம்' என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். வைக்கத்தில் தொடங்கி மேல்பாதி வரை சொல்லுங்கள்.