எண்ணிக்கையா மொழிக்கு எடைக்கல்?

1924ஆம் ஆண்டு கான்டன் நகரில் சன் யாட்சென் 'மக்களின் மூன்று கொள்கைகள்' பற்றி 16 பொழிவுகள் நிகழ்த்தினார். தேசிய இனத்தை ஆக்குவன குருதி, வாழ்வு, மொழி, சமயம், பழக்கவழக்கம் என்றார். மறுக்கவொண்ணா உண்மை! ஆனால் அதே வாயால், மங்கோலியர், மஞ்சூரியர், திபெத்தியர், துருக்கிய முகமதியர் அனைவரையும் கூட்டினும் 1 கோடியைத் தாண்டார். ஆகவே 40 கோடிச் சீனரும் ஏறத்தாழ ஒரே குருதியினர், ஒரே மொழியினர் என்று முடித்தார். 1 கோடிப் பேர் நாவில் வாழும் மொழிகள் கணக்கில் தள்ளும் சில்லறைக் காசுகளோ? பீக்கிங் பேச்சைத் தாய்மொழியாகக் கொள்ளாத தென்னாட்டார்தாம் இவ்வாறு பேசினார்!

அவர் கட்சி வீழ்ந்து பொதுவுடைமையர் வந்தனர். 1982ஆம் ஆண்டின் அரசியற்சட்டத்தில் ஒவ்வோர் இனத்திற்கும் மொழியுரிமை எழுதினர். 2020இலோ உள்மங்கோலியப் பள்ளிகளில் இலக்கியம், அரசியல், வரலாறு ஆகிய பாடங்களைச் சீனமொழிக்கு மாற்றத் தொடங்கினர். மங்கோலியப் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு விட மறுத்து வாயிலில் திரண்டனர்.