நடுக்கம் தலைவிதியல்ல!

"வயதாகிவிட்டது, கை நடுங்கத்தான் செய்யும். இதற்கு ஏது வைத்தியம்?"

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரையில் எத்தனையோ குடிசைகளில் இந்த ஒரு வாக்கியம் தீர்ப்பாக ஓதப்படுகிறது. வீட்டார் அறியாமையால் சொல்கிறார்கள். அவர்கள் மீது நமக்குக் கோபமில்லை. ஆனால் ஜனங்களின் சுகாதாரத்துக்குப் பொறுப்பேற்றுள்ள சர்க்காரும் இதே வாக்கியத்தின் நிழலில் ஒதுங்கிக்கொள்ளும்போது நாம் வாய்மூடி இருக்க முடியாது. கை நடுங்குவோர் எல்லோரும் கிழவர்களல்ல. கிழவர்கள் எல்லோருக்கும் கை நடுங்குவதுமில்லை. பார்க்கின்சன் நோய் முதுமையல்ல, அது ஒரு நோய். நோய் என்றால் அதற்கு அறிகுறி உண்டு, பரிசோதனை உண்டு, மருந்து உண்டு. இவை யாருக்குக் கிட்டுகின்றன, யாருக்குக் கிட்டவில்லை என்பதே கேள்வி!

சோம்பேறிப் பட்டம்

நடுமூளையில் கருநிறமான ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள உயிரணுக்கள் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கின்றன. நினைத்த மாத்திரத்தில் கை எழுவதும் கால் எட்டி வைப்பதும் அதன் துணையால்தான். அந்த உயிரணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக மடிவதே இந்நோய். அவற்றில் பெரும் பகுதி அழிந்த பிறகே நோய் வெளியே தெரிகிறது.

நடுக்கம் ஒன்றுதான் அடையாளம் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது தவறு. நடுக்கமே இல்லாத நோயாளிகளும் உண்டு. முக்கியமான அறிகுறி, உடல் மந்தப்படுவதுதான். கை கால்கள் விறைக்கின்றன. நடக்கும்போது ஒரு பக்கத்துக் கை வீசாமல் தொங்குகிறது. அடி குறுகுகிறது. முகத்தில் உணர்ச்சி மறைகிறது. குரல் தாழ்கிறது. எழுத்து வரவரச் சிறுத்துப் போகிறது. இவற்றுக்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே வாசனை தெரியாமல் போவதும், தீராத மலச்சிக்கலும், தூக்கத்தில் கனவு கண்டு கை காலை உதறுவதும் சிலருக்கு வருகின்றன.

இந்த அறிகுறிகளை உழைப்பாளியின் வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள். கடற்கரைக் குப்பத்தில் வலை பின்னும் கை மெதுவாகிறது. மாமல்லபுரத்துச் சிற்பக் கூடத்தில் உளி பிடித்த விரல் இறுகுகிறது. திருக்கழுக்குன்றத்துக் கழனியில் நாற்று நடும் வரிசையில் ஒருத்தி மட்டும் பின்தங்குகிறாள். செய்த வேலையின் அளவுக்குக் கூலி என்றால், கை மெதுவான அன்றே கூலியும் குறைகிறது. மேஸ்திரி என்ன சொல்கிறான்? "சோம்பேறி" என்கிறான். மீனவன் தள்ளாடினால் "குடித்திருக்கிறான்" என்கிறார்கள். உத்தியோகஸ்தருக்கு இந்நோய் வந்தால் மருத்துவ விடுப்பு உண்டு. கூலியாளுக்கு வந்தால் கெட்ட பெயரும் வேலை நீக்கமும்தான்! நோய் ஒன்றே, அதன் பெயர் மட்டும் வர்க்கத்துக்கு ஒன்றாக மாறுகிறது.

கண்டறிய யந்திரம் தேவையா?

"இது பெரிய மூளை நோய்; இதைக் கண்டறியப் பட்டணத்து யந்திரங்கள் வேண்டும்" என்று சிலர் வாதிக்கிறார்கள். இந்த வாதம் விஞ்ஞானத்தின் முன் நிற்காது.

1817-ல் இந்நோயை முதன்முதலாகத் தெளிவாக எழுதி வைத்த லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு நோயாளிகளைப் பற்றியே எழுதினார். அவர்களில் சிலரை அவர் தெருவில் நடக்கக் கண்டு கவனித்தவர்! இந்த மனிதர் யார்? சாமானியருக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய லண்டன் தொடர்புக் கழகத்தின் உறுப்பினர். புனைபெயரில் பிரசுரங்கள் எழுதியவர். 1794-ல் அரசாங்கத்தின் விசாரணைக்கு ஆளானவர். ஏழையின் பாராளுமன்ற உரிமையைப் பற்றிக் கவலைப்பட்ட கண்தான் ஏழையின் நடையையும் கவனித்தது.

இன்றும் இந்நோயைத் தீர்மானிப்பது பிரதானமாக டாக்டரின் கண்ணும் கையுமே. விரல்களை விரித்து மூடச் சொல்லிப் பார்க்கலாம், மணிக்கட்டை அசைத்து விறைப்பை அறியலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம். சும்மா இருக்கும் கை நடுங்குகிறதா, வேலை செய்யும் கை நடுங்குகிறதா என்று பிரித்தறிய வேண்டும். இரண்டாவது வகை பெரும்பாலும் வேறு நோய். வாந்திக்கும் தலைச்சுற்றலுக்கும் மனநோய்க்கும் தரப்படும் சில மருந்துகளும் இதே அறிகுறிகளை உண்டாக்கும். அவற்றை நிறுத்தினால் அநேகருக்குக் குணமாகும். ஸ்கேன் படங்கள் வேறு நோய்களை விலக்க உதவுகின்றன. முதுகுத் தண்டு நீரில் கெட்டுப்போன ஒரு புரதத்தைக் கண்டறியும் சோதனை நன்றாக வேலை செய்வதாக 2023-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்கு முதல் சந்தேகம் எழ யந்திரம் தேவையில்லை. பயிற்சியும் நோயாளிக்கு ஒதுக்கப் பத்து நிமிஷமும் போதும். அந்தப் பத்து நிமிஷம் எங்கே?

மருந்தின் வேர் நம் மண்ணில்

நம் வைத்திய நூல்கள் கம்பவாதம் என்று ஒரு நோயைச் சொல்கின்றன. வேலிகளில் படரும் பூனைக்காலி விதை வெகு காலமாக நாட்டு வைத்தியத்தில் இருக்கிறது. 1937-ல் சென்னையில் தாமோதரன், ராமஸ்வாமி என்ற இரு விஞ்ஞானிகள் அந்தப் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1957-ல், ஸ்வீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் மருந்தால் செயலிழந்து கிடந்த பிராணிகள் டோபா கொடுத்ததும் எழுந்து நடமாடியதைக் காட்டினார். அந்த ரெசர்பின் நமது சர்ப்பகந்திச் செடியிலிருந்து வந்தது! 1961-ல் வியன்னாவில் நோயாளிகளுக்கு லெவோடோபா செலுத்திப் பலன் கண்டார்கள். 1967-ல் கோட்சியாஸ் அதை வாய்வழி மருந்தாக நிலைநாட்டினார். கார்பிடோபாவுடன் சேர்ந்து இன்றும் அதுவே தலையாய மருந்து.

அதோடு முடியவில்லை. சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் ராமமூர்த்தி, பாலசுப்பிரமணியம், கனகா ஆகியோர் மூளையின் குறிப்பிட்ட புள்ளியைக் குறிவைத்துச் செய்யும் அறுவைச் சிகிச்சையை வளர்த்தார்கள். அது அரசாங்கப் பணத்தில் நடக்கும் பொது ஆஸ்பத்திரி. இன்று மூளையில் மின்கம்பி பதிக்கும் சிகிச்சைக்குத் தனியார் ஆஸ்பத்திரிகளில் பல லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். பொதுத்துறையில் முளைத்த கலை எப்படிப் பணக்காரரின் சொத்தாயிற்று?

இங்கு ஓர் எச்சரிக்கை. பூனைக்காலிப் பொடியைத் தாமாகவே வாங்கித் தின்பது ஆபத்து. விதைக்கு விதை மருந்தின் அளவு மாறும். "நடுக்கத்தை வேரோடு அறுப்போம்" என்று விளம்பரம் செய்வோரை நம்பாதீர்கள். நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் நோயாளி பல ஆண்டுகள் தன் கையால் உண்டு, தன் காலால் நடக்க மருந்து உதவும், உடற்பயிற்சி உதவும்.

கழனியில் தெளிக்கும் விஷம்

நோய்க்குக் காரணம் ஒன்றல்ல; பரம்பரையும் வயதும் பங்கு கொள்கின்றன. சுற்றுப்புறத்துக்கும் பங்குண்டு. பாராகுவாட் என்ற களைக்கொல்லியைக் கையாண்டவர்களுக்கு இந்நோய் சுமார் இரண்டரை மடங்கு அதிகம் காணப்பட்டதாக அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று 2011-ல் கூறியது. காரணம் இதுவே என்று நிரூபிக்கப்படவில்லை என்று கம்பெனிகள் வாதிக்கின்றன. நாம் கேட்கிறோம்: நிரூபணம் முழுமையாகும் வரை சோதனைப் பிராணி யார்? முதுகில் டப்பா கட்டி, முகத்தில் துணிகூட இல்லாமல் மருந்து அடிக்கும் கூலியாளா?

விழுங்கினால் மாற்று மருந்தே இல்லாத விஷம் அது. ஐரோப்பிய யூனியனில் அதற்கான அனுமதி 2007-ல் ரத்தாயிற்று. கேரளம் 2011-ல் தடை செய்தது. பிரிட்டன் தன் வயலில் அதை அனுமதிக்காமலே தன் ஆலையில் தயாரித்து அந்நிய நாடுகளுக்கு ஏற்றுமதி செய்து வந்தது! 2020-ல் மத்திய சர்க்கார் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ய நகல் உத்தரவு வெளியிட்டது. அந்த 27-ல் பாராகுவாட் இல்லை. பிரான்சோ 2012-லேயே விவசாயிகளுக்கு வரும் பார்க்கின்சன் நோயைத் தொழில்வழி நோயாக ஏற்று நிவாரணத்துக்கு வழி செய்தது. பிரெஞ்சு விவசாயியின் மூளை வேறு, மதுராந்தகத்து விவசாயத் தொழிலாளியின் மூளை வேறா?

நாம் கோருவது

"நோயாளிகள் கொஞ்சம் பேர், ஊருக்கு ஊர் நரம்பியல் நிபுணரை வைக்க முடியாது" என்பார்கள். அப்படி நாம் கேட்கவில்லை. செங்கற்பட்டில் 1965 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நோயை அங்கே ஒருமுறை உறுதி செய்யட்டும். அதன் பிறகு மாத்திரை ஊருக்கு வரட்டும்! லெவோடோபா-கார்பிடோபா தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. நாளுக்கு மூன்று வேளையோ அதற்கு மேலோ, மணி தவறாமல் சாப்பிட வேண்டிய மருந்து. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்காகக் கால் நகராத ஒருவரும் துணைக்கு இன்னொருவரும் இரண்டு கூலி இழந்து பஸ் ஏற வேண்டுமா?

ஆகவே நாம் கோருகிறோம்:

1. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் கிராம நர்சுகளுக்கும் இந்நோயின் அறிகுறிகளில் பயிற்சி அளிக்க வேண்டும்.

2. லெவோடோபா மாத்திரை அங்கேயே இலவசமாக, இடைவிடாமல் கிடைக்க வேண்டும்.

3. 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை வந்தது. அந்த உரிமை நடுக்க நோயாளிக்கும் வேண்டும்.

4. பாராகுவாட்டை நாடு முழுவதும் நிரந்தரமாகத் தடை செய்ய வேண்டும். விஷம் கையாண்ட தொழிலாளிக்கு வரும் பார்க்கின்சன் நோயைத் தொழில்வழி நோயாகச் சட்டத்தில் சேர்க்க வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் தெருவில், உங்கள் வேலைத்தளத்தில், கை மெதுவாகிப்போன ஒருவர் இருக்கக்கூடும். அவரைச் சோம்பேறி என்று சொல்லும் வாயை முதலில் அடக்குங்கள். பிறகு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே மருந்து இல்லை என்றால், தனியாகத் திரும்பி வராதீர்கள். ஊரையே கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்!