தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர் யார்?

வானம் தெளிந்த இரவுகளில் எல்ல கணவாயின் விளிம்பில் நின்றால், தெற்கே வெகு தொலைவில் ஒரு புள்ளி வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரியும் என்று ஊரில் சொல்வதுண்டு. கிரிந்தைக்கு அப்பால், கடலுக்குள் கிடக்கும் பாறைத்திட்டின் மேல் 1873இல் விளக்கேற்றிய பெரிய பாசஸ் கலங்கரை விளக்கம் அது. சிங்களத்தில் அதற்கு மகா ராவணா கோட்டுவ, அதாவது பெரிய இராவணன் கோட்டை என்று பெயர். மலையில் இராவணன் குகையும் இராவணன் நீர்வீழ்ச்சியும், கடலில் அவன் கோட்டை. அந்த விளக்குக்குத் தெற்கேதான் ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் பெரிய கப்பல் பாதை போகிறது. அங்கிருந்து மேற்கே தெய்வேந்திரமுனை வரைக்கும் அதே நீரில்தான் நீலத் திமிங்கிலங்களும் இரை தேடுகின்றன.

எல்ல நகரத் தெருவில், விடுதி வாசல்களில் தொங்கும் பலகைகளைப் படித்தாலே அந்தக் கடல் இந்த மலைக்கு எவ்வளவு பக்கம் என்பது விளங்கும். ஒன்பது வளைவுப் பாலம், உடவளவை யானைகள், அடுத்த வரியில் மிரிஸ்ஸ திமிங்கிலம். முதல் நாள் தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்த வெளிநாட்டுக்காரர் மறுநாள் வேன் ஏறி, வெல்லவாய வழியாகக் கடற்கரைக்கு இறங்குகிறார். வேன் ஓட்டும் இளைஞனும் விடுதியில் படுக்கை விரிக்கும் லயத்துப் பெண்ணும் அந்தச் சுற்றில்தான் நாலு காசு பார்க்கிறார்கள். ஆகவே, திமிங்கில வேட்டை பற்றிய சர்ச்சையை ஜப்பானும் நோர்வேயும் ஐஸ்லாந்தும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று ஊவா மக்கள் தள்ளிவிட முடியாது.

இந்த உறவு சுற்றுலாவுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1930களில் பிரித்தானியத் தொழிலாளி ஒருவரின் காலைச் சாப்பாட்டை எண்ணிப் பார்க்கலாம். கோப்பையில் இலங்கைத் தேயிலை, ரொட்டியில் மாஜரின். அந்த மாஜரின் தயாரிக்க வாங்கிய எண்ணெய்களில் அண்டார்க்டிக் கடலில் கொன்ற திமிங்கிலங்களின் எண்ணெயும் உண்டு. 1930-31 என்ற ஒரே பருவத்தில் தென்கடலில் 29,000க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. 20ஆம் நூற்றாண்டு முழுவதும் உலகில் மடிந்த திமிங்கிலங்கள் ஏறத்தாழ 29 இலட்சம். மலையில் குறைந்த கூலிக்குப் பறித்த கொழுந்தும் கடலில் அளவின்றிக் கொன்ற உயிரும் ஒரே மேசையில் மலிவு விலைக்குச் சந்தித்துக்கொண்டன.

வேட்டைக்கு ஒழுங்கு வேண்டும் என்று 1946 டிசம்பரில் வாஷிங்டனில் உடன்படிக்கை ஒன்று கையெழுத்தானது. சர்வதேச திமிங்கில வேட்டை ஆணைக்குழு அதிலிருந்து பிறந்தது. அது கையாண்ட அளவுகோலைக் கேட்டால் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் சட்டென்று பிடிபடும். ‘நீலத் திமிங்கில அலகு’ என்பது அதன் பெயர். ஒரு நீலத் திமிங்கிலம் ஒரு அலகு. இரண்டு ஃபின் திமிங்கிலங்கள் ஒரு அலகு. கூன்முதுகுத் திமிங்கிலம் என்றால் இரண்டரை, சேய் இனத் திமிங்கிலம் என்றால் ஆறு. தோட்டத்தில் குறித்த கிலோ வந்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர் என்று செக்ரோல் பதிவேட்டில் போடுவதைப் போலத்தான் இதுவும். எந்த இனம் எத்தனை மிச்சம் என்ற கேள்விக்கு அந்த அளவுகோலில் இடமில்லை. எண்ணெய் எவ்வளவு என்பதே கணக்கு. எல்லா நாடுகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 16,000 அலகு என்று பொது எல்லை வைத்ததால், யார் முந்துவது என்ற ஓட்டம் வேறு. பெரிய திமிங்கிலம் கிடைக்கும் வரை பெரியதையே துரத்தினார்கள். அது அருகியதும் அடுத்ததற்குப் போனார்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில், சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து எழுதும் கை ஒருவருடையது; காலையிலிருந்து மலையேறிப் பறித்த கை இன்னொருவருடையது. தராசு முள்ளைப் பார்க்கப் பறித்தவருக்கு உரிமை இல்லாத தோட்டத்தில் எவ்வளவு நல்ல சம்பளச் சட்டம் வந்தாலும் அது பாதி வழியில் கரைந்துவிடும். திமிங்கில ஆணைக்குழுவின் கதையும் கால் நூற்றாண்டுக்கு இப்படியே போனது. வேட்டைக் கப்பலில் கண்காணிப்பு அதிகாரி இருந்தார். ஆனால் அவரும் அதே கொடியின் கீழ் சம்பளம் வாங்குபவர்.

அதன் விளைவை நமது கடலே சுமந்தது. ஒடெஸ்ஸாவைத் தளமாகக் கொண்ட ‘ஸ்லாவா’, ‘சோவியத்ஸ்கயா உக்ராய்னா’ என்ற இரண்டு சோவியத் கப்பல் படைகள் 1963 முதல் 1967 வரை அரபிக் கடலிலும் வட இந்து சமுத்திரத்திலும் சட்டவிரோதமாக வேட்டையாடின. கொன்ற 3,339 திமிங்கிலங்களில் 1,294 நீலத் திமிங்கிலங்கள். கூன்முதுகுத் திமிங்கிலங்கள் 242. ஆணைக்குழுவுக்குப் போன பேரேட்டில் இந்தக் கொலை இல்லை. உலகெங்கும் சோவியத் கப்பல்கள் இப்படி மறைத்த திமிங்கிலங்கள் 1,78,000க்கும் மேல் என்று பின்னாளில் கணக்கிட்டார்கள். 1993இல் அலெக்ஸி யாப்லகோவ் என்ற ரஷ்ய அறிவியலாளர் விடயத்தைப் பகிரங்கமாக்கினார். அரபிக் கடலின் கணக்கை, அந்தக் கப்பல்களிலேயே பணிபுரிந்த ஆய்வாளர் யூரி மிகாலெவ் வெளியிட்டார். ஓமான் கரையோரம் வாழும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இன்று நூற்றுக்கும் குறைவு என்பதே மதிப்பீடு. மற்றக் கூன்முதுகுகளைப் போல வலசை போகாத தனிக் கூட்டம் அது. அழிந்தால் வேறெங்கிருந்தும் வந்து நிரப்ப உறவு கிடையாது.

1972இல் ஒரு நாட்டின் கப்பலில் வேறு நாட்டு அவதானிப்பாளர் ஏறும் முறை வந்த பிறகுதான் பொய்க்கணக்கு பெருமளவில் அடங்கியது. நாற்பதாண்டு விதிகளின் வரலாற்றில் இந்த ஒன்றைத்தான் தனியே அடிக்கோடிட வேண்டும்.

பிறகு நல்ல செய்திகள் வரிசையாக வந்தன. 1979இல் குட்டி நாடான சீஷெல்ஸ் முன்மொழிய, இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயமானது. 1982 ஜூலையில் வணிக வேட்டைக்கு இடைநிறுத்தம் கோரும் தீர்மானம் 25க்கு 7 என்ற வாக்கில் நிறைவேறி, 1986இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஆட்சேபம் தெரிவிக்கும் நாட்டை அந்த முடிவு கட்டாது என்று 1946 உடன்படிக்கையே எழுதிவைத்திருந்தது. நோர்வே அந்தக் கதவைத்தான் திறந்துகொண்டது. ஜப்பான் ‘ஆராய்ச்சி’ என்ற கதவைத் திறந்தது. 2014 மார்ச் 31இல் சர்வதேச நீதிமன்றம், அவுஸ்திரேலியா தொடுத்த வழக்கில், அந்த அண்டார்க்டிக் திட்டம் ஆராய்ச்சித் தேவைக்கானதாக இல்லை என்று 12க்கு 4 எனத் தீர்ப்பளித்தது. 2005 முதல் ஏறத்தாழ 3,600 மின்கே திமிங்கிலங்களைக் கொன்றதற்கு நீதிமன்றத்தில் காட்ட முடிந்தவை இரண்டே இரண்டு ஆய்வுக் கட்டுரைகள். 2019 ஜூன் 30இல் ஜப்பான் ஆணைக்குழுவிலிருந்தே வெளியேறியது. மறுநாள் தன் கடலில் வணிக வேட்டைக்குப் படகு விட்டது.

சட்டம் இப்படி நழுவும்போது மக்கள் நேரடியாக இறங்குவது சரியா?

பதுளைக்காரர்கள் இந்தக் கேள்வியைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1940இல் மலையகம் முழுக்க வேலைநிறுத்தம் பரவியபோது, பதுளை வெவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கலந்துதான் தோட்டத்தை நடத்துவது என்று துரை இணங்க வேண்டியதாயிற்று. அடக்க வந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர்களே பறித்துக்கொண்டார்கள். அன்றைய சட்டப் புத்தகத்தில் அது குற்றம். இன்று மலையகம் அதைப் பெருமையோடு நினைக்கிறது. துரை தனியாக எழுதிவந்த கணக்கில் தொழிலாளியின் கண்ணும் புகுந்தது என்பதே அதன் பெறுமதி.

கடலில் நடந்த போராட்டங்களையும் அதே கண்ணால்தான் பார்க்க வேண்டும். 1975 ஜூனில் கிரீன்பீஸ் இளைஞர்கள் சிறு ரப்பர் படகுகளில் சோவியத் வேட்டைக் கப்பலுக்கும் திமிங்கிலத்துக்கும் நடுவே போய் நின்றார்கள். தலைக்கு மேலே ஈட்டி பறந்தது, திமிங்கிலம் செத்தது. ஆனால் கமெரா ஓடிக்கொண்டிருந்தது. கடலுக்குள் யாரும் காணாமல் நடந்த தொழிலை உலகம் முதன்முதலாக வீட்டிலிருந்தபடி பார்த்தது. இந்தத் துணிச்சலுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

கப்பலை மூழ்கடிப்பது வேறு. 1986 நவம்பரில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் துறைமுகத்தில், சீ ஷெப்பர்ட் அமைப்பைச் சேர்ந்த இருவர் இரண்டு வேட்டைக் கப்பல்களை மூழ்கடித்தார்கள். அந்தக் கப்பல்களின் சொந்தக்கார நிறுவனமோ வேட்டையை விட்டுவிடவில்லை. 2022இல் மட்டும் 148 ஃபின் திமிங்கிலங்களைக் கொன்றது. மறு ஆண்டு அதே ஐஸ்லாந்தில் வேட்டைக்கு இடைக்காலத் தடை வந்தது. காரணம், அரச அவதானிப்பாளர்கள் கப்பலில் ஏறிச் சேர்த்த பதிவுகள். அவர்கள் கண்காணித்த 58 திமிங்கிலங்களில் ஐந்தில் இரண்டு பங்கு உடனே சாகவில்லை. சில துடித்தடங்க இரண்டு மணி நேரம் வரை ஆனது. அதைப் படித்த பிறகு மீன்பிடி அமைச்சர் 2023 ஜூன் 20இல் கையெழுத்திட்டார்.

சீ ஷெப்பர்டின் தென்கடல் துரத்தல்களை அதற்காகக் குறைத்து மதிப்பிட முடியாது. 2011 பெப்ரவரியில் ஜப்பானியக் கப்பல் படை, 850க்கும் மேல் என்ற இலக்கில் 172ஐ மட்டும் பிடித்துக்கொண்டு பாதியில் திரும்பியது அந்த நெருக்குதலால்தான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் அந்த அமைப்பின் ‘ஆடி கில்’ படகு மோதலில் முகப்பு உடைந்து போனது. அன்று ஆறு பேர் உயிர் தப்பியது அதிர்ஷ்டம். அதே காலத்துச் சம்பவங்களுக்காக ஜப்பான் பிறப்பித்த பிடியாணையின் பேரில், சீ ஷெப்பர்ட் நிறுவனர் பவுல் வாட்சன் 2024 ஜூலையில் கிரீன்லாந்தில் கைதானார். டென்மார்க் அவரை ஜப்பானிடம் ஒப்படைக்க மறுத்து விடுவிக்க ஐந்து மாதம் பிடித்தது. அந்த மறுப்பு சரியானது. அதைச் சொல்லும்போதே, மனித உயிரைப் பணயம் வைக்கும் மோதலை மற்றவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தமது உணவு தமது உரிமை என்கிறார்கள் ஜப்பானியக் கரையோர மக்கள். மின்கே இனம் அழியும் நிலையில் இல்லை என்கிறது நோர்வே. இந்த வாதங்களில் பொருள் இருக்கிறது. ஆர்க்டிக் பழங்குடிகளின் பிழைப்பு வேட்டையை ஆணைக்குழுவே தனியாக அனுமதித்துள்ளது, அது நியாயம். ஆனால் பொதுக்கடலில் வாழும் உயிரைப் பிடிக்கும் நாடு, வெளியார் தராசைப் பார்க்கக் கூடாது என்று எழுந்து போகும்போது, அதன் சொல்லை மட்டும் நம்பி உலகம் இருந்துவிட முடியாது. ஒருமுறை நம்பியதன் விலை அரபிக் கடலில் இருக்கிறது.

இனி நமது வீட்டு முற்றம். இலங்கையில் யாரும் திமிங்கிலத்தை ஈட்டியெறிந்து கொல்வதில்லை. 2003இல் இந்நாட்டுக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ், இலங்கையின் தெற்குக் கடலில் செந்நிறத் திமிங்கிலச் சாணம் மிதப்பதைக் கண்டு, இந்த நீலத் திமிங்கிலங்கள் குளிர்க்கடலுக்குப் போகாமல் இங்கேயே இரை தேடுகின்றன என்ற ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஆண்டு முழுக்க இந்த நீரையே நம்பி இருக்கும் உயிருக்கு, உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று வீட்டு வாசலில் ஓடுகிறது. வேட்டைக்காரன் இல்லாமலே, கப்பல் மோதிச் சாவு நடக்கிறது.

தீர்வு தெரியாமல் இல்லை. பாதையைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் அபாயம் 95 சதவீதம் வரை குறையும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். எம்.எஸ்.சி. என்ற பெரும் கப்பல் நிறுவனம் 2022இல் தானாகவே தன் கப்பல்களைத் தெற்கே நகர்த்திக்கொண்டது. அதைப் பாராட்ட வேண்டும். அதோடு நின்றுவிட்டால், எழுந்து போக விரும்பினால் போகலாம் என்ற 1946இன் பழைய ஓட்டையைத்தான் நாமும் திறந்து வைத்திருக்கிறோம். கரையோர நாடான இலங்கை, சர்வதேச கடல்சார் அமைப்பிடம் முறைப்படி முன்மொழிந்து, உத்தியோகபூர்வப் பாதையையே மாற்ற வேண்டும். கப்பல்கள் தள்ளிப் போனால் காலியிலும் அம்பாந்தோட்டையிலும் துறைமுக வருமானம் குறையும் என்ற அச்சம் உண்டு. வருமானத்துக்கு ஏங்கும் நாட்டில் அது நியாயமான கவலைதான். திமிங்கிலம் பார்க்க வரும் பயணியால் மிரிஸ்ஸ முதல் எல்ல வரை புழங்கும் காசையும் அதே தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கட்டும்.

பாதையை மாற்றுவதோடு, மோதலை அறிவிப்பதைக் கட்டாயமாக்கி, அந்தப் பதிவேட்டை மக்கள் பார்க்கத் திறந்து வைக்க வேண்டும். வெலிகமவிலும் கிரிந்தையிலும் தினம் கடலுக்குப் போகும் மீனவர்களை அதன் அவதானிப்பாளர்களாகச் சேர்த்துக்கொள்ளலாம். 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் நுழைந்த ஒரு கொள்கலன் கப்பலின் முன்மூக்கில், நீலத் திமிங்கிலம் ஒன்று மடிந்து சிக்கியிருந்தது. அந்தக் கப்பல் கொழும்பில் நின்றதால்தான் அந்தச் சாவு வெளியே தெரிந்தது. இராவணன் கோட்டை விளக்கைத் தாண்டி, எங்கும் நிற்காமல் இரவோடு இரவாகப் போய்விடும் கப்பல்களின் முன்மூக்கை இதுவரை யாரும் பார்க்கவில்லை.