குளவியல்ல, ஈ!



கொழுந்து பறிக்கும்போது மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட பூச்சியொன்று முகத்துக்கு நேரே வந்து நின்றால், நம் கை தானாகவே தலைத்துண்டை இழுத்துக்கொள்ளும். குளவி கொட்டி எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள் என்பதை அறிந்தவர்கள் நாம். அந்தப் பயம் நியாயமானது. சந்தேகம் வந்தால் விலகியே நில்லுங்கள்.

ஆனால், அந்தரத்தில் அசையாமல் நின்று, சட்டென்று விலகி, மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்கும் அந்தச் சிறு பூச்சி பெரும்பாலும் குளவியல்ல, ஈ. குளவிக்கு நான்கு சிறகு, ஈக்கு இரண்டே சிறகு. அதற்குக் கொடுக்குக் கிடையாது. பறவைகள் தின்னாமல் இருப்பதற்காகக் குளவியின் வேஷம் போட்டிருக்கிறது. பூவில் தேன் குடித்து வாழ்வதால் மலர் ஈ என்று அதை இங்கே சொல்லுவோம்.

இது நமக்கு உதவும் பூச்சி. பல வகை மலர் ஈக்களின் புழுக்கள், இளந்தளிரில் மொய்க்கும் அசுவுணிகளைத் தின்று வளர்கின்றன. குளிர் மிகுந்த உயர்மலைகளில் தேனீக்கள் குறையக் குறைய, பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோகும் வேலையில் ஈக்களின் பங்கு கூடுகிறது.

உலகில் ஏறத்தாழ 6,000 வகை மலர் ஈக்களுக்கு இதுவரை பெயர் வைத்திருக்கிறார்கள். ஆட்கள் எளிதில் போகாத உயர்மலைகளிலிருந்து இன்னமும் புதிய வகைகள் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. அவை விஞ்ஞானத்துக்குத்தான் புதியவை; மலைக்குப் புதியவையல்ல.

ஒரு பூச்சி புதியதென்று எப்படி முடிவு செய்கிறார்கள்? பிடித்த பூச்சியை ஊசியில் குத்தி, அதன் கீழே ஒரு சிறு துண்டுக் காகிதம் வைப்பார்கள். பிடித்த இடம், கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீற்றர் உயரம், திகதி, பிடித்தவர் பெயர் ஆகியவை அதில் இருக்கும். பிறகு, முன்னர் எழுதப்பட்ட விவரங்களோடும் நூதனசாலைகளில் உள்ள பூச்சிகளோடும் அதை ஒப்பிடுவார்கள். சிறகின் நரம்பு, முகத்தின் நிறம், காலின் மயிர், ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பு என ஒவ்வொன்றையும் நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். இப்போது மரபணுவையும் சோதிக்கிறார்கள். வேறெதோடும் பொருந்தாவிட்டால் இரண்டு சொல்லில் பெயர் வைத்து விவரத்தை அச்சிடுவார்கள். ஒரேயொரு பூச்சியை அந்தப் பெயருக்குச் சாட்சியாக நூதனசாலையில் பாதுகாப்பார்கள்.

இது வெறும் ஏட்டு வேலை என்று நினைக்க வேண்டாம். தேயிலைத் தண்டைத் துளைக்கும் சிறு வண்டை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் கிடைத்த வண்டை வைத்து 1868இல் வைத்த பெயரால்தான் அதை ஒன்றரை நூற்றாண்டாக அழைத்தார்கள். தொலைந்ததாக நினைத்திருந்த அந்தச் சாட்சி வண்டு மறுபடி கிடைத்து, அதை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டபோது, ஒரே பெயருக்குள் பல இனங்கள் கலந்திருந்தது தெளிவானது. தேயிலையைத் துளைப்பதாகச் சொல்லிவந்த இனத்துக்குரிய பெயரே வேறு என்று முடிவாயிற்று. எதிரி யாரென்று சரியாகத் தெரியாமல் அதற்கு மருந்து தேட முடியுமா?

நமது மலைநாட்டுப் பூச்சிகளை விவரித்தவர்கள் யார்? றம்பொடையில் கோப்பித் தோட்டம் நடத்திய ஜெர்மானியர் ஜோன் நீட்னர், கோப்பி மரத்தின் எதிரிகளைப் பற்றி 1861இல் நூல் எழுதினார். பூண்டுலோயாவில் தோட்டத்துரையாக இருந்த எட்வேர்ட் ஏர்னஸ்ட் கிரீன், இலங்கையின் செதிற்பூச்சிகளைப் பற்றி 1896 முதல் பல பாகங்கள் எழுதினார். அவர் விவரித்த பல பூச்சிகளுக்குப் பூண்டுலோயாவே பிறந்த இடமாகப் பதியப்பட்டுள்ளது. இந்தியாவோடு இலங்கையின் மலர் ஈக்களையும் சேர்த்து 1923இல் நூல் வெளியிட்ட புருனெட்டி தொழிலால் ஓர் இசைக்கலைஞர்.

தோட்டக்காரரும் இசைக்கலைஞரும் செய்த வேலை இது. அவர்களிடம் நேரம் இருந்தது, புத்தகம் இருந்தது, நுணுக்குக்காட்டி இருந்தது. அதே மலையில் அன்றும் நம் முன்னோர் கூடையோடு நின்றார்கள். இன்றும் எந்தப் பூ எந்த மாதம் பூக்கும், எந்தப் பூச்சி எந்த மழைக்குப் பிறகு வரும் என்று நம் பெண்களுக்குத் தெரியும். ஆனால் அந்தத் துண்டுக் காகிதத்தில் எழுதப்படுவது யாருடைய பெயர்?

இதில் அவசரமும் உண்டு. வெப்பம் கூடும்போது, குளிரில் வாழும் பூச்சிகள் மேலே மேலே ஏறிப் போகின்றன. நம் நாட்டில் பீதுருதாலகாலையின் 2,524 மீற்றருக்கு மேலே ஏற இடமில்லை. பெயரே இல்லாத பூச்சி அழிந்தால், அழிந்ததென்று பதியவும் முடியாது. அழியும் இனங்களின் பட்டியலில் சேர்ப்பதற்கும் முதலில் ஒரு பெயர் வேண்டும்.

ஆகவே நாங்கள் கேட்பது இவைதான். உயர்தர உயிரியல் படிக்க வேறு நகரத்துக்குப் போக வழியில்லாத தோட்டப் பிள்ளைக்கு, அருகிலுள்ள பாடசாலையிலேயே விஞ்ஞானப் பிரிவும் ஆசிரியரும் ஆய்வுகூடமும் வேண்டும். பூட்டிய அலுமாரிக்குள் இருக்கும் நுணுக்குக்காட்டி பிள்ளைகளின் மேசைக்கு வரவேண்டும்.

பெற்றோரே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். பிள்ளை நெருப்புப்பெட்டிக்குள் பூச்சியைப் போட்டுக்கொண்டு லயத்துக்கு வந்தால் அதட்டாதீர்கள். எங்கே பிடித்தாய், எந்தப் பூவில் இருந்தது, சிறகு இரண்டா நான்கா என்று கேளுங்கள். பதிலைத் திகதியோடு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பூச்சியை விவரிக்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

மலை நம்மிடம் இருக்கிறது. புத்தகமும் நுணுக்குக்காட்டியும் நம் பிள்ளைகளின் கைக்கு வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.