யோசிக்கிற பிள்ளைக்கு என்ன வருத்தம்?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணைப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு வாப்பா எங்களிடம் வைத்த முறைப்பாடு: "சேர், இவன் ராவுல தூங்காம கனக்க யோசிக்கிறான். ஹஸரத்திட்ட தண்ணி ஓதியும் குடுத்தம், சரிவரல்ல." ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. என்ன யோசனை மகன் என்று கேட்டோம். மறை எண்ணை மறை எண்ணால் பெருக்கினால் ஏன் நேர் எண் வருகிறது என்று விளங்காமல் படுத்துக் கிடந்தானாம். வகுப்பிலும் கேட்டிருக்கிறான். "அது அப்படித்தான், பாடமாக்கு" என்று பதில் கிடைத்திருக்கிறது. அந்தப் பதிலைச் சொன்னவர் எங்களில் ஒருவர்தான். பாடத்திட்டத்தை முடிக்கிற அவசரம் என்று சாட்டுச் சொல்லலாம். சாட்டு பதிலாகாது.

அந்த வாப்பாவில் பிழை பிடிக்க முடியவில்லை. அவர் பேசியது நம்முடைய தமிழ்தான். கொட்டாஞ்சேனையில் மையித்து வீட்டுக்குப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், சோதனை மண்டப வாசலில் நின்றாலும் நாம் சொல்வது ஒன்றே: "யோசிக்க வாணாம்." கவலைப்படாதே என்பது பொருள். ஒருவர் முகம் வாடியிருந்தால் "என்ன யோசனை?" என்கிறோம். யோசனை நமக்கு வருத்தமாகிவிட்டது, மருந்து தேடுகிற அளவுக்கு. 'பிக்ர்' என்ற சொல்லுக்கும் இதே கதி. அரபியில் அது சிந்தனை. உருது வழியாக நம் பள்ளிவாசல்களுக்கு வந்து சேர்ந்தபோது கவலையாகிவிட்டது.

மற்றச் சொற்களையும் பாருங்கள். "புத்தி சொல்லுங்க சேர்" என்று ஒரு உம்மா கேட்டால், நல்லா ஏசிவிடுங்க என்று அர்த்தம். "பெரிய மூளைசாலி" என்பது பாராட்டாக வருவது பத்தில் ஒரு தடவை இருக்குமா தெரியாது. "நியாயம் கதைக்க வராதே" என்றால் வாயை மூடு. தர்க்கம் பத்திரிகையில் எப்போதும் வாய்த்தர்க்கமாகத்தான் வருகிறது, அடுத்த வரியில் அது கைகலப்பாக மாறிவிடும். வாதமோ பிடிவாதம், விதண்டாவாதம், இனவாதம் என்று கெட்ட சகவாசத்திலேயே கிடக்கிறது. (பக்கவாதத்தையும் சேர்க்கப் பார்த்தோம். அது வேறு சொல் என்று எங்கள் தமிழ் சேர் தடுத்துவிட்டார்.)

சொல் மாறுவது உலக வழமை, இதற்கு ஏன் இவ்வளவு கத்தல் என்று கேட்பீர்கள். மாறட்டும். ஆனால் போன சொல்லின் இடத்துக்கு வேறொன்று வந்ததா? சிந்தனை இருக்கிறதே என்றால், இருக்கிறதுதான், கரும்பலகையின் மேல் மூலையில் 'இன்றைய சிந்தனை' என்று. யாரோ எப்போதோ சிந்தித்து முடித்தது. பிள்ளை அதைப் பார்த்தெழுதுகிறது. அவனே உட்கார்ந்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வந்து சேர்வதைச் சொல்ல நம் வீட்டுப் பேச்சில் மரியாதையான ஒரு சொல்லைக் காட்டுங்கள். இல்லாததால்தான் அது நமக்குக் கவலையாகவோ வாய்க்கொழுப்பாகவோ தெரிகிறது.

மார்க்கத்தில் கேள்வி கேட்கக்கூடாது என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குர்ஆனில் 'அக்ல்' என்ற பெயர்ச்சொல் ஓரிடத்திலும் இல்லை. அதன் வினைதான் 49 இடங்களில் வருகிறது. அறிவு ஒருவன் வைத்திருக்கிற சாமானாக அங்கே பேசப்படவில்லை, செய்கிற வேலையாகத்தான் பேசப்படுகிறது. நாம் செய்யாதே என்கிறோம்.

இதே கொட்டாஞ்சேனையில்தான் தீபதுத்தமாராம விகாரை இருக்கிறது. அங்கிருந்த மீகெட்டுவத்தே குணானந்த தேரர் 1873 ஆகஸ்டில் பாணந்துறைக்குப் போய், கிறிஸ்தவப் போதகர்களுடன் இரண்டு நாள் மேடையில் வாதாடினார். ஆயிரக்கணக்கான சனம் கேட்டது. யார் வென்றார்கள் என்பது எங்கள் விஷயமல்ல. அந்த 'பாணந்துறா வாதய'வைச் சிங்களப் பிள்ளைகள் பெருமையோடு படிக்கிறார்கள். பக்கத்து ஒழுங்கையில் நம் பிள்ளைக்கு "சேரோட வாதம் பண்ணினியா?" என்று அடி விழுகிறது.

தமிழில் இதற்கெல்லாம் சொல் இல்லாமலும் இல்லை. உயர்தரத்தில் 'அளவையியலும் விஞ்ஞானமுறையும்' என்று ஒரு பாடம் இருக்கிறது. லேசான பாடம் என்று நினைத்து எடுக்கிறார்கள். அந்த 'அளவை' மணிமேகலையில் இருக்கிற சொல். ஒன்றை எப்படி அறிந்தாய் என்று அளந்து பார்ப்பது அது. சொல்ல வந்தது பக்கம், அதற்குக் காரணம் ஏது, பின் திட்டாந்தம். மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல. மூன்றும் இருந்தால்தான் அனுமானம். இன்று அனுமானம் என்றால் சும்மா ஒரு ஊகம்.

இது எதற்கு உதவும் என்று கேட்பவர்கள் 2020ஐ மறந்துவிட்டார்கள்.

அந்த ஏப்ரலில் கொவிட் மையித்துகளை எரித்தே ஆக வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கினால் நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். அது பக்கம். ஏது? ஆய்வு எதையும் காட்டவில்லை. திட்டாந்தம்? எந்த நாட்டில் அப்படிக் கெட்டது என்று சொல்லவில்லை. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்கனவே சொல்லியிருந்தது. டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது, காரணம் சொல்லாமலே. அதே மாதம் பிறந்து 20 நாளான ஒரு பிள்ளையையும் எரித்தார்கள். பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டினோம். எல்லா இனத்தவரும் வந்து கட்டினார்கள். அன்று நம் சமூகம் முழுதும் கேட்ட கேள்வி "ஏன்?" மட்டுமே. நமக்குக் கிடைத்த பதில்: நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்க அனுமதி வந்தது. அரசாங்கம் மன்னிப்புக் கேட்க 2024 ஆனது.

"அது அப்படித்தான், பாடமாக்கு" என்பதும் அந்தப் பதிலும் ஒரே பதில். அதை அதிகாரி சொன்னபோது அநியாயம் என்று அழுதோம். வாப்பா சொன்னால் ஒழுக்கம், உஸ்தாத் சொன்னால் அதபு, சேர் சொன்னால் பாடம் என்கிறோம்.

அந்தப் பிள்ளைக்குக் கடனை அடைத்துவிட்டோம். கரும்பலகையில் மூன்று வரி. −1ஐப் பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியம். பூச்சியத்தை 1 + (−1) என்று எழுதி விரித்தால், −1உம் (−1)×(−1)உம் சேர்ந்து பூச்சியமாக வேண்டும். ஆகவே (−1)×(−1) என்பது 1. வகுப்பு ஒரு நிமிடம் சத்தமில்லாமல் இருந்தது. பிறகு அவன் கையைத் தூக்கினான். "சேர், பூச்சியத்தால பெருக்கினா ஏன் பூச்சியம் வருது?"

வாப்பாவுக்குக் கோல் எடுத்துச் சொல்லிவிட்டோம்: இன்று இரவும் தூங்கமாட்டான், தண்ணி ஓத வேண்டாம்.